வெங்காயக் கூட்டத்தின் புதுக் கோல்கீப்பர்

ஃபவுஸ்தோ கால்பந்து கோல்கீப்பர். எத்தனையோ ஆட்டங்களில் கோலைக் காத்தவன்தான். ஆனால் இன்றைக்கு அவன் பயந்தது பந்துக்கு அல்ல, ஒரு வெங்காயத்துக்கு.

வெங்காயம் விளையும் போர்கோசெக்கோ ஊரின் அணியைச் சுற்றுவட்டாரமே 'வெங்காயங்கள்' என்றுதான் கூப்பிடும். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான்கள் மலைமேல் இருக்கும் மொந்தேரிக்காரர்கள். ஒரு காலத்தில் அவர்கள் கூடை கூடையாக வெங்காயத்தை மைதானத்தில் வீசி, "போய்க் களை பறிங்கடா, வெங்காயங்களா!" என்று கத்தினார்கள். கீழே இருந்த போர்கோசெக்கோக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? வீசியதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய் சூப் வைத்துக் குடித்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு வெங்காய மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். திட்டே பட்டமாகிப்போயிற்று. அன்றிலிருந்து, புதிதாகச் சேருகிறவன் முதல் ஆட்டத்துக்கு முன்னால் ரசிகர்கள் எதிரே பச்சை வெங்காயத்தைக் கடித்தாக வேண்டும். கடிக்காதவனை ஊர் தன் ஆளாகச் சேர்க்காது.

இன்றைக்கு அந்தப் புது ஆள் ஃபவுஸ்தோ; அவன் பிறந்ததோ மொந்தேரியில். இன்றைய ஆட்டமும், அவன் கெட்ட நேரம், மொந்தேரியோடுதான். அப்பா எஜிதியோ எதிரணிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். காலையில் போனிலேயே சொல்லிவிட்டார்: "காசுக்கு ஆடு, வேணாங்கல. ஆனா அந்தக் கருமத்தைக் கடிச்சேன்னு வச்சுக்க, வீட்டுப் படி ஏறாத."

வெங்காயங்களின் ரசிகர் கூட்டத்து மேளக்காரி நிவெஸ் கம்பி வேலிக்கு மேலே வெங்காயத்தை நீட்டினாள். மேளம் நின்றது.

"என்ன தம்பி, மலைக்காரப் பல்லு கூசுதா?" என்றாள். கூட்டம் சிரித்தது.

ஒரு பக்கம், இனி அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தப்போகிற ஊர். இன்னொரு பக்கம், பெற்ற அப்பா. பாழாய்ப்போன வெங்காயம்! வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு கடித்தான். மேளம் இடியாய் முழங்கியது. அப்பா இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

இரண்டாம் பாதியில் திரும்பாமல் முடியவில்லை. இப்போது அவன் காத்த கோல் மொந்தேரிக்காரர்களுக்கு முன்னால் இருந்தது. "துரோகி!" என்ற கூச்சலோடு வெங்காயங்கள் பறந்து வந்தன. ஒன்று தோளில் பட்டது, ஒன்று கம்பத்தில் மோதிச் சிதறியது. ஒவ்வொன்றும் அப்பா கையிலிருந்து வருவதாகவே அவனுக்குத் தோன்றியது. உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தான்.

ஒன்று மட்டும் மெதுவாக உருண்டு வந்து காலடியில் நின்றது. எடுத்து எறியக் குனிந்தான். அதில் ஒரு கடி இருந்தது. பல் பதிந்த இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். முன்வரிசையில் அப்பா எதையோ மென்றபடி, கண்ணீர் வழிய நின்றிருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னை ஏன்டா பாக்குற?" என்று அலறினார் அப்பா. "பந்து வருதுடா! பந்தைப் பாருடா, வெங்காயம்!"