முதலில் திறக்கும் கதவு

கேட்டுக்கு மோட்டார் பொருத்த வந்த மோட்டார்க்காரம்மா, கதவு திரும்பும் அளவுக்குச் சாக்கட்டியால் தரையில் இழுத்துக்கொண்டு போன அரைவட்டம், செங்கல் குவியலில் முட்டி நின்றது. "இது எதுக்கு இங்க?" என்று நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர் தன் வீட்டு வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பாதைக்கு அந்தப் பக்கத்து வீட்டு வாசற்படியில் அவருடைய தம்பி அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். கையைக் கட்டுவதிலாவது அண்ணன் தம்பிக்கு ஒற்றுமை இருக்கிறதே என்று பெரியவரின் மனைவி நினைத்துக்கொண்டாள்.

"சுவர் வெக்க" என்று கடைசியில் அவள்தான் சொன்னாள். "திங்கக்கிழமை கொத்தனார் வர்றாரு. பாதைக்கு நடுவுல."

"நடுவுலயா? அப்ப கார்?"

"தெருவுல நிக்கும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

மோட்டார்க்காரம்மா அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டாள். எங்கே கிளம்பிவிடப் போகிறாளோ என்று பெரியவள் அவளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். மோட்டார்க்காரம்மாவை வரவழைத்ததே பெரியவளும் ஓரகத்தி சின்னவளும் சேர்ந்து போட்ட திட்டம். தெருவில் திருட்டு அதிகமாகிவிட்டது, கேட்டுக்கு மோட்டார் வைத்துவிட்டால் பூட்டுகிற வேலையே இல்லை என்று இரண்டு பேரும் அவரவர் வீட்டில் தனித்தனியாக ஆரம்பித்து, பத்து நாள் விடாமல் காதைக் கடித்து, இந்த ஆண்பிள்ளைகளை வாசல் வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். சுவர் வந்துவிட்டால் சாயங்காலம் துணி எடுக்கும்போது நின்று பேசுகிற அந்த அரைமணி நேரமும் போய்விடும். குழந்தைகள் ஏற்கெனவே யார் வீட்டில் சாப்பிடுவது என்று முகம் பார்த்துத்தான் சாப்பிடுகின்றன. சுவரை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

சண்டையே இந்தக் கேட்டில்தான் ஆரம்பித்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே பாதை, ஒரே இரும்பு கேட், அதில் இரண்டு கதவு, பக்கத்தில் ஆள் மட்டும் நுழைகிற ஒரு சின்னக் கதவு. போன வருஷம் ஒரு நாள் காலையில் பார்த்தால் கேட் திறந்து கிடந்தது, சின்னவர் மகளின் புது சைக்கிளைக் காணோம். கடைசியாக வந்தவன் பூட்டியிருக்க வேண்டும் என்றார் பெரியவர். நான் கேட்டைத் தொடவே இல்லை, பூட்டுவது உன் வேலை என்றார் சின்னவர். சைக்கிளில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ சுற்றி, அப்பா வைத்தியத்துக்கு யார் அலைந்தது என்பது வரைக்கும் போய் முறிந்தது. அதற்குப் பிறகு ஒருவர் இருமினால்கூட மற்றவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

"என் பக்கக் கதவுக்கு மட்டும் மோட்டார் போடுங்க" என்றார் பெரியவர் வானத்தைப் பார்த்தபடியே. "என் ரிமோட்டுக்கு என் கதவு தெறந்தா போதும்."

"எனக்கும் அதேதான்" என்றார் சின்னவர் தரையைப் பார்த்து.

மோட்டார்க்காரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போட்டுடலாம் சார். பாதி கதவு தெறந்தா பாதி கார் உள்ள வரும். மிச்சத்த என்ன பண்ணப் போறீங்க?"

சின்னவளுக்குச் சிரிப்பு பீறிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சரி, இரண்டு கதவும் சேர்ந்தே திறக்கட்டும் என்று ஒருவழியாக இறங்கி வந்தார்கள். அடுத்து கரன்ட். யார் வீட்டிலிருந்து எடுப்பது என்று கேட்டதும் இரண்டு பேரும் பின்வாங்குவார்கள் என்றுதான் பெரியவள் பயந்தாள். நடந்தது நேர்மாறு. என் வீட்டிலிருந்துதான் என்று பெரியவர் சொல்ல, என் வீட்டிலிருந்துதான் என்று சின்னவரும் சொன்னார். மற்றவன் கரன்டில் தன் கேட் திறப்பதா என்ற வீம்பு. வீம்புக்கு இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

"கரன்ட் பெரிய சார் வீட்டுலேர்ந்து வரட்டும். கன்ட்ரோல் பெட்டி சின்ன சார் தூண்ல இருக்கட்டும். ஒருத்தருக்கு ஒண்ணு" என்றாள் மோட்டார்க்காரம்மா. "பெட்டி ஒண்ணுதான் சார் வெக்க முடியும். ரெண்டு மோட்டாருக்கும் அதுதான் சொல்லணும். அதனால கரன்ட்டும் மோட்டார் வயரும் பாதைக்குக் கீழ குறுக்க போகணும், தனித்தனி பைப்புல." சாக்கட்டியால் ஒரு தூணிலிருந்து மறு தூணுக்கு நேராகக் கோடு இழுத்தாள். பிறகு செங்கல் குவியலைக் கண்ணால் காட்டினாள். "சுவருக்குக் கடக்கால் தோண்டினா இதே எடம்தான். பைப் இருந்தா சுவர் வெக்க முடியாது. சுவர் வெச்சா கேட்டுக்கு மோட்டாரே வேணாம். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

தெருவில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவள் கணவரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்தக் கதவு முதல்ல தெறக்கும்?" என்றார் பெரியவர் திடீரென்று.

பிடிகொடுக்காமல் பேச்சை மாற்றுகிறார் என்று பெரியவளுக்குப் புரிந்தது. ஆனால் மோட்டார்க்காரம்மா அதையும் வேலை சம்பந்தப்பட்ட கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டாள். கேட்டுக்குப் போய், பெரியவர் பக்கத்துக் கதவின் உள்பக்க ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் பட்டையைத் தட்டிக் காட்டினாள். "உங்க கதவுதான் சார். இந்தப் பட்டை அவரு கதவு மேல படிஞ்சு நிக்குது பாருங்க. இது வெலகினாத்தான் அது அசைய முடியும்."

பெரியவர் கொஞ்சம் நிமிர்ந்தார். தம்பியின் பக்கம் பார்க்காமலே பார்த்தார்.

"ஆனா மூடும்போது உங்களோடதுதான் கடைசி" என்று அவள் தொடர்ந்தாள். "அவரு கதவு வந்து சேர்ற வரைக்கும் உங்க கதவு தெறந்தபடியே காத்துக்கிட்டு நிக்கணும். முந்திக்கிட்டு மூடிச்சுன்னா ரெண்டும் இடிச்சுக்கும்."

பெரியவரின் கட்டியிருந்த கை மெல்ல அவிழ்ந்தது. மனைவிக்கு மட்டும் தெரியும், சைக்கிள் காணாமல் போன அந்த ராத்திரி அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கிப்போனதும், காலையில் சாவி அவர் மடியிலேயே கிடந்ததும். அவளிடம்கூட அதற்குக் காரணம் சொன்னதில்லை. அவளும் தோண்டிக் கேட்டதில்லை.

"அன்னிக்கும் அப்படித்தான்டா" என்றார் அவர். குரல் எங்கிருந்தோ வந்தது. "நீ வரலியேன்னு பூட்டாம சாத்தி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். கண்ணசந்துட்டேன்."

சின்னவர் தலையைத் தூக்கினார். "நான் வண்டிய தெருவிலயே விட்டுட்டு, பக்கத்துச் சின்ன கதவு வழியா வந்துட்டேன்" என்றார். "கேட் சத்தத்துல நீ முழிச்சுக்குவியேன்னு. இதை ஏன்ணே அப்பவே சொல்லல?"

"நீ சொன்னியா?"

சின்னவர் மூக்கை உறிஞ்சினார். மோட்டார்க்காரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையிலிருந்து உளியை எடுத்து, "அப்ப தோண்டலாங்களா?" என்று கேட்டாள். பெரியவர் பாதைக்கு இறங்கி வந்து, "தோண்டுங்க" என்றார்.

மதியத்துக்குள் பாதைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டிப் பைப்புகளைப் படுக்க வைத்தாயிற்று. மேலே கார் ஏறும், அதனால் மண் தள்ளுவதற்கு முன்னால் செங்கல் பரப்பிவிட்டால் நல்லது என்று மோட்டார்க்காரம்மா சொன்னதுதான் தாமதம், ஓரகத்திகள் இரண்டு பேரும் குவியலுக்குப் பாய்ந்து கல் கல்லாகத் தூக்கிக் கொடுத்தார்கள். கொத்தனாருக்குப் போன் பண்ணியாச்சா என்று சின்னவள் காதோடு கேட்டாள். பெரியவள் அதை எப்போதோ செய்துவிட்டிருந்தாள்.

ரிமோட் யார் யாருக்கு என்று கேட்டபோது பெரியவள் யாரையும் கலக்காமல், "எல்லாருக்கும்" என்றாள். "எந்த ரிமோட்ட அமுக்கினாலும் ரெண்டு கதவும் தெறக்கணும். பசங்களுக்குத் தூண்ல நம்பர் பட்டன் வெச்சுடுங்க."

கடைசியாக வயர் இழுக்கிற வேலை. சின்னவர் தன் தூணடியில் மண்டியிட்டு வயரைப் பைப்புக்குள் தள்ள, பெரியவர் தன் தூணடியில் குத்தவைத்து மறுமுனைக்காகக் காத்திருந்தார்.

"வந்துடுச்சாண்ணே?"

"இன்னும் இல்ல. தள்ளு."

டீ கொண்டுவந்த பெரியவள் பாதி வழியிலேயே நின்றாள். வயர் எப்போதோ வந்துவிட்டிருந்தது. நுனியை விரலில் பிடித்துக்கொண்டு, வருகிற வயரை வளையம் வளையமாகத் தன் காலடியில் சேர்த்துக்கொண்டிருந்தார் அவர். மோட்டார்க்காரம்மா அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப வந்துச்சா?"

"இல்லடா. இன்னும் கொஞ்சம் தள்ளு."