ஒரே நாளில் ஏறிய தொட்டி

விறகுப் புகையை ஒழிக்கவென்றே தொழில் தொடங்கிய தம்பி, சலவைக்கூடக்காரர்களின் முதல் கூட்டத்திலேயே மேடையேறி வாக்குக் கொடுத்தான்: "காலையில் வருவோம், மாலைக்குள் உங்கள் கொதிகலன் அணைந்திருக்கும். ஒரே நாள் வேலை!" கைத்தட்டல் எழுந்தது. அந்தக் கைத்தட்டல்தான் அவனைக் கெடுத்தது.

முதல் வாடிக்கையாளர் அவனுடைய அக்கா. மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடம் அவளுடையது. கூரையில் வெயிலை வாங்கும் தகடுகள் ஏறின. பகலில் காய்ந்த வெந்நீர் விடியும்வரை சூடு ஆறாதிருக்கப் பெரிய தொட்டி வேண்டும். அதைத் தாங்கும்படி கூரையை வலுப்படுத்த ஒரு வாரம் ஆகும் என்றார் கொத்தனார். ஒரு வாரமா? மேடையில் சொன்ன சொல் என்னாவது? பாதி அளவுத் தொட்டியை வைத்து, பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டான்.

பிறகு வந்த போதெல்லாம் நண்பகலில் வந்தான். நண்பகலில் தண்ணீர் கொதித்தது. பக்கத்து ஊரின் எட்டுச் சலவைக்கூடக்காரர்களும் மாறத் தயாரானார்கள். "எங்களுக்கு வெந்நீர் வேண்டியது விடியலில். அப்போதே வந்து பார்க்கிறோம்" என்றார்கள். தாராளமாக வாருங்கள் என்றான். அக்காவிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

வந்தார்கள். புகைபோக்கி கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, உங்க சூரியன் விறகும் சாப்பிடுமா?" என்றார் அவர்களில் மூத்தவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் உள்ளே ஓடினான். அக்கா அடுப்பு வாயில் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாக்கா இது?"

"மாட்டின மறுநாள்லேருந்து. நாலு மணிக்குப் பச்சத்தண்ணி வருது. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்து நிக்கும். நான் என்ன பண்ண?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ மேடை மேடையா என் கடையைப் பத்திப் பேசிக்கிட்டுத் திரியுற. உன் மூஞ்சி வாடுறத யாரு பாக்குறது?"

"பெரிய தொட்டி வச்சுடறேன். ஒரே வாரம்."

"அன்னைக்குக் கேட்டிருந்தாலும் கடைய மூடிட்டுக் குடுத்திருப்பேன்டா. நீதான் கேக்கல."

அவன் வாசலுக்கு வந்தபோது, வந்தவர்களின் வண்டி தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது.

கதிரவன் பொய் சொல்லவில்லை. தகடு பொய் சொல்லவில்லை. அவற்றின் சார்பில் பேச வந்தவன் சொன்னான்.

அடுத்த மாதம் பெரிய தொட்டி ஏறியது. அக்காவின் கூடத்தில் புகை நின்றது. பக்கத்து ஊருக்கு அவன் மூன்று முறை போனான். மூன்றாம் முறை மூத்தவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"எட்டு பேரும் சேர்ந்து ஆளுக்கொரு புதுக் கொதிகலன் வாங்கிட்டோம் தம்பி. இன்னும் பதினஞ்சு வருஷம் அதுல விறகு எரிக்கலாமாம்."