பூசைக்குப் போன சாவி

அருளானந்தம் பூசைக்குக் கிளம்பும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கார் சாவி இருந்தது. லூர்து மாதா கோயில் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் காரை எடுப்பதில்லை. சாவி மட்டும் கூடப் போகும்.

லிஃப்ட் கதவு மூடும் வரை அவருடைய மகள் கேட்லின் காத்திருந்தாள். பிறகு போன் செய்தாள்.

"இப்ப வரலாம்."

"வந்துட்டேன் அக்கா. கார்பார்க்லதான் இருக்கேன். எந்த டெக்?"

"நாலு. வெள்ளக் காரு. பம்பர்ல கீறல் இருக்கும்."

படுக்கையறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எங்கடி கிளம்பிட்ட?"

"தோசை வாங்க."

"சட்னிய தனியா கட்டச் சொல்லு. போன தடவ சாம்பார்ல கொட்டிட்டான்."

கேட்லின் செருப்பைக் கால் மாற்றிப் போட்டாள். கழற்றி மறுபடி போட்டாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள்.

ரோவல் ரோட்டுப் பல மாடி கார்பார்க்கின் நாலாவது தளத்தில் ஒரு சிறிய வேன் நின்றது. பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே சாவி வெட்டும் மெஷின். சரத் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். அவளைவிட இளையவன்.

"பார்டர் தாண்டி ஜேபிலேர்ந்து வர்றேன். உட்லண்ட்ஸ்ல ஒரே ஜேம். ஞாயித்துக்கிழமகூட வீட்ல இருக்க மாட்டாங்க போல." அவன் காரைச் சுற்றி வந்தான். "ரெண்டு சாவியும் தொலைஞ்சிருச்சா?"

"ரெண்டும்."

"ஒண்ணுகூட இல்ல?"

"இல்ல."

தோசை முதல் பொய். இது இரண்டாவது.

"ஐசி குடுங்க. லாக் கார்டும் காட்டுங்க."

லாக் கார்டு அவள் போனில் இருந்தது. கார் யாருடையது என்று சொல்லும் பக்கம். போன வாரம் அப்பாவின் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து அதை எடுத்தாள். அரசாங்கம் தரும் சிடிசி வவுச்சருக்கு என்று சொன்னாள். அவர் படம் எடுத்துக்கொள்வதுபோலக் காலரைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்தார்.

"அருளானந்தம். இவர் எங்க?"

"அப்பா. பூசைக்குப் போயிருக்காரு."

"ஓனர் இருந்தா நல்லது லா."

"அவருதான் செய்யச் சொன்னாரு."

சரத் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தான். கேட்லின் டி/ஓ அருளானந்தம். இன்னாரின் மகள் என்று அட்டையே சொன்னது. போனில் இருந்த பெயரும் அதுதான். அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

"நம்மாளுங்களுக்கு இது ஒரு வசதி. அப்பா பேரு நெத்தியிலயே ஒட்டியிருக்கும்."

அவள் சிரிக்க முயன்றாள்.

"ஒண்ணு சொல்லிடறேன், அக்கா. மெஷினப் போட்டா காரு பழைய சாவி எல்லாத்தையும் மறந்துரும். நாளைக்கு சோபா அடியில பழசு கிடைச்சுதுன்னு வைங்க. கதவு திறக்கும். ஸ்டார்ட் ஆகாது."

"தெரியும்."

"தெரியுமா?"

"யாராவது திருடன் கையில கிடைச்சிருந்தா? அதுக்குத்தான்."

அது நாலாவது.

சாவிகள் இரண்டு. ஒன்று அப்பாவின் சட்டைப் பையில். இரவில் தலையணைக்கு அடியில். இன்னொன்றைப் போன வருடம் அவர் பத்திரமாக ஓரிடத்தில் வைத்தார். எந்த இடம் என்று அவருக்கே நினைவில்லை. கேட்லின் அரிசி டின்னில் கைவிட்டுப் பார்த்தாள். பைபிள் உறைக்குள், ஃப்ரிட்ஜின் மேல், கிறிஸ்துமஸ் குடில் வைத்திருந்த பெட்டிக்குள் எல்லாம் தேடினாள். பையில் இருப்பதைப் பறித்தால் ஒளிந்திருப்பது ஒருநாள் வெளியே வரும். காரை விற்கவும் முடியாது. வாரத்தில் மூன்று நாள் அம்மா தோ பாயோவுக்கு டயாலிசிஸ் போக வேண்டும். இனி அவளே ஓட்டப்போகிறாள். வேலையில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாயிற்று. சாவி பழசு, கெட்டுப்போச்சு என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

சரத் பூட்டுக்குள் மெல்லிய கருவியை விட்டுப் பற்களை அளந்தான். வேனுக்குப் போனான். மெஷின் இரைந்தது. புதிய சாவியோடு வந்து கதவைத் திறந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகினான். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கத் தொடங்கியது.

"இது மினுக்குறது நிக்கணும். அதுவரைக்கும் எதையும் தொடக்கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம். கொஞ்சம் கூட ஆகும்."

"சீக்கிரம் பண்ண முடியாதா?"

"திருடனும் இதத்தான் கேப்பான். அவனுக்காகத்தான் கார் கம்பெனிக்காரன் காக்க வைக்கிறான்."

கேட்லின் கைப்பிடிச் சுவருக்குப் போனாள். கீழே தெரு. பட்டுச் சேலைகள், வேட்டிகள், பங்களாதேஷ்காரர்கள், பூக்கடை முன்னால் ஒரு டாக்சி. வெள்ளைச் சட்டை ஒவ்வொன்றும் அப்பாவாக இருந்தது. கிட்டே வந்ததும் வேறு யாரோ. பூசை முடிந்திருக்காது. முடிந்தாலும் தேக்கா சந்தையில் டீ குடித்துவிட்டுத்தான் வருவார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

போன் அதிர்ந்தது. அம்மா.

"தோசை வாங்கப் போனியா, மாவு ஆட்டப் போனியா?"

"கூட்டம்மா."

வைத்துவிட்டாள். காருக்கு வந்தாள். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி சுவருக்குப் போனாள்.

அம்மா சொன்னது போன மாதம். சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள். அப்பா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தோ பாயோவில் அவர் ஒருவழிச் சாலையில் எதிர்ப்பக்கமாக நுழைந்தாராம். எதிரே வந்த லாரி முட்டுகிற தூரத்தில் நின்றதாம். லாரிக்காரன் இறங்கி வந்து கையைக் கூப்பினானாம்.

"நான் கண்ண மூடிக்குவேன், கேட்டி. ஏறின உடனே மூடிக்குவேன். செபம் சொல்லிக்கிட்டே போவேன். அவரு நான் தூங்கறதா நினைச்சுக்குவாரு."

"நான் பேசறேன்."

"பேசாத. சத்தியமா சொல்லாத. என்னைக் கூட்டிட்டுப் போறது ஒண்ணுதான் அவருக்கு இருக்கு."

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். கேட்லின் அம்மாவின் பெயரைச் சொல்லாமல், வயசாகுதுப்பா, நான் ஓட்டறேன் என்று சொல்லிப் பார்த்தாள். லைசென்ஸுக்கு டாக்டரே பாஸ் பண்ணிட்டாரு, நீ யாரு என்றார். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

"நின்னுருச்சு," என்றான் சரத்.

அவள் ஓடி வந்தாள். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கோயிலில் அப்பாவின் சட்டைப் பைக்குள் இருந்த சாவி இனி வெறும் இரும்பு.

சரத் புதிய சாவியைத் திருகினான். கையிலிருந்த கருவியில் எதையோ அழுத்தினான். எஞ்சின் பிடித்தது.

"ஒண்ணு முடிஞ்சுது. இன்னொண்ணு."

"சீக்கிரம்."

"பறக்காதீங்க அக்கா. முந்தாநாள் ஒருத்தரு சாவிய வாஷிங் மெஷின்ல போட்டு துவைச்சுட்டாரு. அவருகூட இவ்வளவு அவசரப்படல."

"கேட்டி."

அவள் திரும்பினாள். அப்பா தூணருகில் நின்றார். ஒரு கையில் சாவி. மறு கையில் மடித்த பழைய பனியன் துணி. துணியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. அவர் தேக்காவில் டீ குடிக்கப் போனதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இங்கே வந்து காரைத் துடைத்திருக்கிறார்.

"யாரு இது? காருக்கு என்ன?"

சரத் அவர் கையில் இருந்த சாவியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா, ரெண்டும் தொலைஞ்சிருச்சுன்னீங்க."

"எங்க தொலைஞ்சுது? இதோ இருக்கே." அப்பா சாவியைத் தூக்கிக் காட்டினார். "நகரு, தம்பி."

சரத் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். அப்பா உட்கார்ந்து தன் சாவியைப் போட்டுத் திருகினார். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. சாவியை எடுத்துச் சட்டையில் தேய்த்தார். மறுபடி திருகினார். பிடிக்கவில்லை.

"சாவிக்கு என்ன ஆச்சு?"

பழசு, கெட்டுப்போச்சு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சரத் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் அழிக்கச் சொன்னேன்ப்பா."

"எத?"

"உங்க சாவிய."

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தார்.

"தம்பி, காரு யாரு பேர்ல இருக்கு?"

"உங்க பேர்ல, அங்கிள்."

"அப்ப என் சாவியப் போடு."

"போட்டுரலாம். இப்பவே சொன்னா இப்பவே. வயரக் கழட்டிட்டா மறுபடி முதல்லேர்ந்து." சரத் கேட்லினிடம் திரும்பினான். "மன்னிச்சுக்குங்க, அக்கா. ஓனர் அவருதான். நீங்க என்கிட்ட பொய் சொல்லியிருக்கக் கூடாது. போலீஸ் வந்தா மாட்டறது நான்."

அப்பா சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். சரத் அவர் மீது சாய்ந்து அதைத் துவாரத்தில் செருகினான். கருவியின் திரையில் ஏதோ மாறியது.

"தோ பாயோல ஒன்வேல எதிர்ல போனீங்க," என்றாள் கேட்லின்.

"போர்டு மரத்துக்குப் பின்னாடி இருக்கு. யாரு சொன்னா?"

"லாரி வந்துச்சு."

"நின்னுச்சுல்ல? யாரு சொன்னா உனக்கு?"

அவள் பம்பர் கீறலைப் பார்த்தாள்.

"உங்கம்மா சொல்லியிருக்க முடியாது. அவ தூங்கிட்டிருந்தா." அவர் சரத்தைப் பார்த்துச் சொன்னார், சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல. "கிட்னி பேஷண்ட், தம்பி. வீட்ல தூக்கமே கிடையாது. என் காருல ஏறினா உடனே தூங்கிருவா. அவளுக்காக ரேடியோவக்கூட சின்னதா வச்சுக்குவேன். ஒரு பிரேக் போட்டு எழுப்பினதில்ல. கிரேன் ஓட்டின கை. கேளு இவள."

"போடவா, அங்கிள்?" சரத்தின் விரல் பொத்தான்மேல் இருந்தது.

"போடு."

"அம்மா தூங்கலப்பா."

சரத்தின் விரல் நின்றது.

"என்ன?"

"கண்ண மூடிக்கிட்டு வர்றாங்க. பயந்து. சீட்டப் பிடிச்சுக்கிட்டு செபம் சொல்லிட்டு வர்றாங்க." அவள் குரல் தளத்தில் எதிரொலித்தது. குறைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க."

மேல் தளத்தில் ஒரு கார் வளைந்தது. டயர் கிறீச்சிட்டது. அப்பா பக்கத்து சீட்டைப் பார்த்தார். சீட் உறையின் ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. ஏற்கெனவே ஒருமுறை பிரிந்து அவரே கறுப்பு நூலால் தைத்த இடம். கறுப்பு நூலும் இப்போது தொங்கியது. அவர் அதை விரலால் உள்ளே தள்ளினார். அது திரும்ப வெளியே வந்தது.

"எவ்வளவு நாளா?"

"தெரியலப்பா."

"ஏறினதுலேர்ந்தா? இறங்கற வரைக்குமா?"

அவர் சரத் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவ எத்தன சாவி கேட்டா?"

"ரெண்டு."

"ரெண்டு போதும்."

அவரே தன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கினார். சரத் உட்கார்ந்து இரண்டாவது புதிய சாவியைப் போட்டான். எஞ்சின் பிடித்தது. அப்பா பனியன் துணியை விரித்து முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளே சரத் இருந்ததைப் பொருட்படுத்தவில்லை. ஒரே இடத்தையே துடைத்தார்.

கேட்லினின் போன் மறுபடி அதிர்ந்தது.

"எடு," என்றார் அப்பா. "அவ பசியா இருப்பா."

திங்கட்கிழமை காலை கேட்லின் ஓட்டினாள். அப்பா வரத் தேவையில்லை என்று அம்மா சொன்னாள். வருகிறேன் என்றார். முன் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டுக்கு அடியில் சட்டைப் பை புடைத்திருந்தது. அம்மா அற்புதமேரி பின்னால்.

அவர் கால் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் வெறும் தரையை மிதித்தது. "லேன் மாறு," என்றார். "இப்ப இல்ல. அந்த பஸ் போகட்டும்." அவள் பஸ்ஸுக்கு வழி விட்டாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

தோ பாயோவில் அந்த மரம் வந்தது. இலைகளுக்குப் பின்னால் பலகை பாதி தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு பெல்ட் இழுக்க, சிரமப்பட்டுப் பின்னால் திரும்பினார்.

அற்புதமேரியின் கண்கள் மூடியிருந்தன. ஒரு கை மடியில். மறு கை தொடைக்குப் பக்கத்தில், சீட்டின் ஓரத்தில்.

"மேரி, தூங்கறியா?"

"ஆமா," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

அவர் முன்னால் திரும்பினார். கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.