நடுவில் பாடியவனுக்குக் கூலி

"எனக்கு ஆரடா கூலி கேட்டது? சொல்லு, ஆர் கேட்டது?"

"கூலி எண்டு ஆர் சொன்னது? தந்ததை வாங்கிப் பொக்கற்றுக்க வையன். காசு கடிக்குமே?"

"ஓம், கடிக்குது. அவனிட்டயே திருப்பிக் குடு."

"மச்சான், கொழும்பில இப்பிடித்தான் நடக்குது. ஒருத்தன்ர பாட்டில இன்னொருத்தன் வந்து பாடினா, அவனுக்குக் காசு குடுக்கிறது. அது ஒரு மரியாதை."

"மரியாதை எண்டா அவன் வந்தெல்லோ தந்திருப்பான். நீ ஆர் இடையில? கங்காணியா?"

றிப்னாஸ் மூன்று பிளேன்ரீயையும் இரண்டு கைகளில் இடுக்கிக்கொண்டு கடைப் படியில் நின்றான். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. அவன் தேத்தண்ணீர் வாங்கப் போனதே இதற்காகத்தான். தான் இல்லாத நேரம் பார்த்து சியாம் அவன் ஒட்டிக் கொடுத்த காசு என்வலப்பைச் சஜீவனின் கையில் கொடுத்துவிட்டால், ஆளின் முகத்தைப் பார்க்காமலே அலுவல் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தான்.

கதவு படாரென்று திறந்தது. சஜீவன் வெளியே வந்தான். படியில் நிற்பவனைக் கண்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உனக்கு வாய் இல்லையோ? மைக்குக்கு முன்னால மட்டுந்தான் வாயோ?"

"சஜீ, நான் என்ன நினைச்சனான் எண்டா..."

"நீ ஒண்டும் நினைக்க வேண்டாம். என்ர குரலை வெட்டிவிடு. உன்ர பாட்டை நீயே பாடு."

சைக்கிளை எடுத்தான், மிதித்தான், பஸ் நிலையத்துச் சனத்துக்குள் மறைந்துபோனான். றிப்னாஸின் கையிலிருந்த தேத்தண்ணீர் ததும்பி விரலில் சிந்தியது.

இது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மாசி மாதம். சண்டை நின்று ஏ-9 பாதை திறந்து இரண்டு வருடமாகியிருந்தது. வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் சியாம் ஒரு றெக்கோடிங் பார் வைத்திருந்தான். முன்பக்கம் கசற்றும் சீடியும் விற்கிற இடம். பின்பக்கம் பழைய மெத்தைகளைச் சுவரில் அடித்து, ஒரு கம்பியூட்டரும் ஒரு மைக்கும் வைத்த சின்ன அறை. அந்த அறைக்குள்தான் றிப்னாஸ் தன் முதல் றாப் சீடியைச் செய்துகொண்டிருந்தான். பின்னால் கொம்பனி கிடையாது, காசு போடுகிற முதலாளி கிடையாது. பகலில் வாப்பாவின் சாமான் கடையில் நின்று மிச்சம் பிடிப்பதும், பின்னேரத்தில் சியாமின் அறைக்குள் வந்து வியர்ப்பதுமாக ஒரு வருடம் ஓடியிருந்தது. சியாம் மாமியின் மகன் என்றபடியால் அறைக்கு வாடகை கேட்கவில்லை. கறண்டுக்கு மட்டும் கேட்டான்.

அந்தச் சீடியில் ஒரு பாட்டுத்தான் றிப்னாஸுக்கே பிடித்த பாட்டு. அதற்குக் காரணம் தான் அல்ல, நடுவில் வருகிற சஜீவன் என்று அவனுக்குத் தெரியும். செட்டிகுளம் பக்கத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய சனத்தின் பிள்ளை அவன். ஒரு கலியாண வீட்டில் சும்மா பகிடிக்கு மைக்கைப் பிடித்து நாலு வரி கட்டிச் சொன்னபோது றிப்னாஸ் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து வந்து கேட்டான். அன்றிலிருந்து கூட்டு. கேட்ட உடனே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, மூச்சு விடாமல் பாடிக் கொடுத்துவிட்டுப் போனவன். அவன் பார்ட்டை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் மிஞ்சுவது கறியில்லாத வெறும் சோறு.

ஞாயிறு காலையில் சியாம் கொழும்புக்குப் போகிறான். சீடியைக் கொடுத்துக் கொப்பி அடிப்பித்துக்கொண்டு வரவேண்டும். இன்றைக்கு வெள்ளி.

"இப்ப என்ன, வெட்டவோ?" சியாம் கம்பியூட்டருக்கு முன்னால் குந்திக்கொண்டு கேட்டான்.

"பொறு."

"நான் அப்பவே சொன்னனான், சும்மா வாங்கினா பிறகு பிரச்சினை வருமெண்டு."

"சும்மா வாங்கேல்லையே. குடுத்துத்தானே பிரச்சினை வந்தது!"

சியாம் மூன்றாவது தேத்தண்ணீரையும் தானே எடுத்துக் குடித்தான்.

வீட்டுக்குப் போனால் தங்கச்சி பஸ்லியா தையல் மெஷினில் இருந்தாள். கதையைக் கேட்டதும் காலை நிறுத்தினாள்.

"நீங்க காசு குடுத்தது சரி நானா. அதில என்ன பிழை? வேலை எண்டா வேலைதானே. என்னைப் பாருங்கோ. சொந்தக்காரியள் எல்லாம் வந்து, பஸ்லியா, பெருநாளைக்கு ஒரு சட்டை, ஒண்டே ஒண்டு எண்டு துணியைத் தந்திட்டுப் போறாளவை. காசு கேட்டா, நீ எங்கட பிள்ளையெல்லோ எண்டுறாளவை. எங்கட பிள்ளைக்கு நூல் சும்மாவா வருது?"

"அப்ப அவன் ஏன் கோவிச்சவன்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? நீங்க போய்க் கேளுங்கோ. சியாம் மச்சானை அனுப்பாதீங்கோ, அவர் போனா அடிபிடிதான் வரும்."

சனிக்கிழமை விடிந்ததும் வாப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு றிப்னாஸ் புறப்பட்டான். வழி நெடுகச் சொல்லவேண்டியதைக் கட்டிப் பார்த்தான். பாட்டுக் கட்டுகிறவனுக்கு அன்றைக்கு ஒரு வரியும் சரிவரவில்லை. ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? பாட்டுப் போனால் இன்னொன்று கட்டலாம். அவன் போனால்?

சஜீவனின் வீட்டில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி வயல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே நெல் அரிவி வெட்டு நடந்துகொண்டிருந்தது. சஜீவனின் தகப்பன் மூக்கனுக்குச் சொந்தமான துண்டு அது, பெரிய வயல் இல்லை. ஆனால் வெட்டுகிற ஆட்கள் நிறையப் பேர், வரிசையாகக் குனிந்து வெட்டிக்கொண்டு போனார்கள். அந்த வரிசையில் சஜீவனும் நின்றான். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்துவிட்டு, காணாதவன் போலத் திரும்பவும் குனிந்துகொண்டான்.

மரத்தடியில் சோற்றுப் பானையோடு நின்ற வீரம்மாதான் கூப்பிட்டாள். சஜீவனின் தாய். மலைநாட்டை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் அவள் பேச்சு மாறவில்லை.

"வாங்க தம்பி. நீங்கதானே பாட்டுக்காரத் தம்பி? ஒக்காருங்க."

"உங்கட மகனோட கதைக்க வந்தனான் அம்மா. கோவமா இருக்கிறார்."

"தெரியும். காசை வீசிட்டு வந்தேன்னு பெருமையா சொல்றான், பைத்தியக்காரப் பய. என் கையில தந்திருந்தா நான் வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு, போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

றிப்னாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததிலிருந்து இப்போதுதான் மூச்சே விடுகிறான் போலிருந்தது.

"இவ்வளவு பேருக்கும் கூலி குடுக்கிறதெண்டா கஷ்டமெல்லோ அம்மா?" என்று பேச்சுக்குக் கேட்டான்.

"கூலியா? இதுல கூலி ஆளு யாருமில்ல தம்பி. இன்னைக்கு இவங்க எங்க வயலுக்கு. நாளைக்கு நாங்க அவங்க வயலுக்கு. நாளுக்கு நாளு." அவள் அகப்பையை வைத்துவிட்டு வரிசையைப் பார்த்தாள். "அந்தா சால்வை கட்டியிருக்காரே, வீரகத்தி ஐயா. அவர் வயல்ல நாங்க எத்தனை வருஷம் வெட்டியிருப்போம்! அப்பல்லாம் கூலிக்குத்தான். நேர்ல கூட வர மாட்டாரு, ஆளுகிட்ட சொல்லி விடுவாரு. பொழுது சாஞ்சதும் அந்த ஆளு காசைக் குடுத்து அனுப்பிருவான். மத்தவங்க உள்ள ஒக்காந்து சாப்புடுவாங்க, நாங்க வேலியோரமா வீட்டுக்குப் போயிருவோம். இந்த வருஷந்தான் அவரே எங்க வாசல் படலைக்கு வந்து, மூக்கா, உன் வயலுக்கு நான் வாறன், நீ எனக்கு வான்னு கேட்டாரு. அன்னைக்கு எங்க வீட்டு மனுசன் சரியா தூங்கவே இல்ல."

றிப்னாஸுக்குச் சஜீவனின் பார்ட் ஞாபகம் வந்தது.

*வரம்பில நிண்டா ஆரெண்டு கேட்டான்*
*வயலுக்க இறங்கினா கூலி எண்டான்*
*ஆளை அனுப்பிக் கூப்பிட்டான்*
*ஆளிட்டக் காசைக் குடுத்துவிட்டான்*
*பேரைக் கேக்கேல்லை ஒருத்தனும்*
*பேரோட பாடுறன், திரும்பிப் பார்!*

இந்த வரிகளைப் பதிந்தவன் றிப்னாஸ்தான். ஒவ்வொரு நாளும் போட்டுக் கேட்டவன் அவன்தான். மூச்சு எங்கே விழுகிறது, தாளம் எங்கே தப்புகிறது, சத்தம் எங்கே கூடுகிறது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு காது நோகக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு ஒரு என்வலப்புக்குள் காசை வைத்து, ஒட்டி, ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

சப்பாத்தைக் கழற்றினான். காற்சட்டையை முழங்கால் வரை மடித்தான்.

"அம்மா, ஒரு கத்தி தாங்கோ."

"ஐயோ, வேணாம் தம்பி, கையை வெட்டிக்குவீங்க!"

பானைக்குப் பக்கத்தில் கிடந்த கதிரரிகிற கத்தியொன்றை எடுத்துக்கொண்டு, வரம்பால் இறங்கிப் போய்ச் சஜீவனுக்குப் பக்கத்தில் குனிந்தான். முதல் பிடியைப் பிடித்து இழுத்தான், வேரோடு வந்தது. இரண்டாவது பிடியை மேலாக அரிந்தான், பாதிக் கதிர் சேற்றில் விழுந்தது.

சஜீவனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"என்ன இது, சலூனில வெட்டுற மாதிரி வெட்டுறாய்? எங்கட அப்பா வருஷம் முழுக்கப் பாத்த நெல்லு."

"நீ சொல்லித் தாவன்."

"கீழ பிடி. இன்னும் கீழ. இப்ப இழு. அட, உன்ர காலைப் பாத்து இழு!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வீரகத்தி நிமிர்ந்து, "சஜீவா, உந்தத் துரையை எங்கையடா பிடிச்சனி?" என்றார்.

"இவர் பாட்டுக்காரன் ஐயா. என்ர கூட்டாளி."

கூட்டாளி என்ற சொல் காதில் விழுந்ததும் றிப்னாஸ் இன்னும் வேகமாக அரியத் தொடங்கினான். முதுகு முறிகிறது, கழுத்தெல்லாம் நெல்லுச் சுணை கடிக்கிறது, ஆனாலும் ஆளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

"சஜீ, உன்ர பார்ட்டை நான் இண்டைக்குத்தான் கேட்டனான்."

"அப்ப றெக்கோட் பண்ணேக்க என்ன செய்தனி?"

"சத்தம் சரியோ எண்டு பாத்தனான்."

சஜீவன் கத்தியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு பெரிதாகச் சிரித்தான்.

"மடையா. காசு வேண்டாமெண்டு நான் சொல்லேல்லையடா. அம்மா நேற்று இரவு முழுக்க ஏச்சு. நீ வந்து, சஜீ, இவ்வளவுதான் இருக்கு, பிடி எண்டு தந்திருந்தா வாங்கியிருப்பனோ என்னவோ. சியாமிட்டக் குடுத்து விட்டியே, அதுதான்."

"வெக்கமா இருந்தது. கூட்டாளிக்கு எப்பிடிக் காசு நீட்டுறதெண்டு."

"உனக்கு வெக்கம். எனக்குக் கோவம். நல்ல சோடி." அவன் திரும்பவும் குனிந்தான். "இஞ்ச பார். நான் ஒரு பாட்டுக் கட்டி வைச்சிருக்கிறன். அதில நடுவில ஒரு இடம் சும்மா கிடக்கு. நீ வந்து பாடு. நாளுக்கு நாள், சரியோ? உன்ர சீடி வித்துக் காசு வந்தா அப்ப வேற கதை. அப்ப நானே வந்து கேப்பன். வெக்கப்படமாட்டன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவன்."

"அம்மாவை வேண்டாம். நீ தனிய வா."

மத்தியானம் எல்லோரும் மரத்தடியில் வட்டமாக இருந்தார்கள். மூக்கன் றிப்னாஸைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து தனக்கும் வீரகத்திக்கும் நடுவில் இருத்தினார். வீரம்மா இலையில் சோற்றைப் போட்டாள். "எறைச்சி கிறைச்சி ஒண்ணும் போடல தம்பி. கருவாடும் கத்தரிக்காயுந்தான். பயப்படாம சாப்புடுங்க." கொப்புளம் போட்ட கையில் உறைப்புப் பட்டு எரிந்தது. றிப்னாஸ் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டான்.

பின்னேரம் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து றெக்கோடிங் பாருக்கு முன்னால் இறங்கினார்கள். சியாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். றிப்னாஸின் கோலத்தைப் பார்த்தான்.

"ஆர் ஆருக்கு அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை. அவன்ர பார்ட்டை வெட்ட வேண்டாம். மைக்கைப் போடு, எனக்கு ஒரு சின்ன இடம் பதிய வேணும்."

கதையைக் கேட்டதும் சியாமுக்கு வேறு கவலை வந்துவிட்டது. "உங்களுக்கு நாளுக்கு நாள். எனக்கு? இந்த அறைக்க ஒரு வருஷமாக் கிடந்து அவியிறன். எனக்கு ஆரடா வயல் வெட்ட வாறது?"

"உனக்கு வயல் இல்லையே மச்சான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்!"

சஜீவன் கதிரையில் சாய்ந்து சிரித்தான். றிப்னாஸ் மைக்குக்கு முன்னால் போய் நின்றான். சஜீவனின் குரல் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது, தாளம் மட்டும் போகிற இடம். அந்த இடம் வந்ததும், பக்கத்து வயல்காரனைப் படலைக்குப் போய்க் கூப்பிடுகிறவன் போல் உரத்துச் சொன்னான்:

"மூக்கன்ர மகன் சஜீவன், வாடாப்பா!"

அந்த ஞாயிறு அப்படியே சீடி கொழும்புக்குப் போனது.

பஸ்லியா மட்டும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லது நானா, நீங்க போய் வயல் வெட்டினீங்க. என்ர சட்டையளைப் போட்டுக்கொண்டு திரியிறவளவை ஒருத்தியாவது வந்து ஒரு நாள் எங்கட குசினியைக் கூட்டுவாளவையோ? நாளைத் திருப்பித் தராத ஆக்களிட்டக் காசுதான் வாங்க வேணும்" என்றாள். அடுத்த பெருநாளைக்கு அவள் கதவில் ஒரு விலைப் பட்டியல் தொங்கியது.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். சொந்தக் காசில் பாட்டுச் செய்கிற பிள்ளைகள், கூடப் பாட வருகிறவனுக்குக் காசு கொடுக்கவேண்டுமா, தாங்களும் ஒரு நாள் போய்ப் பாடிக் கொடுத்தால் போதுமா? சஜீவன் சொன்னது சரியா, பஸ்லியா சொன்னது சரியா? பாடினவர்கள், பாடுவித்தவர்கள், சும்மா தைத்துக் கொடுத்தவர்கள், ஆராக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் மறுமொழியைக் கீழே எழுதுங்கோ.