இருமுறை ஒரே எண்

அந்த வாரம் ஜெபசீலியின் அறை மாடிப்படியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடி தள்ளிப் போயிருந்தது. விடுதி விதிப்படி அது சரிதான். தங்கியிருப்பவர்கள் தம் சதுரங்க ஆட்டத்தின் நடப்பு நிலையைக் கணினிக்கு இருமுறை கொடுத்து, அது சொல்லும் இரண்டு மதிப்புகளையும் (பிளஸ் என்றால் வெற்றிப் பக்கம், மைனஸ் என்றால் தோல்விப் பக்கம்) அலுவலகத்தில் எழுதித் தர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வராந்தா நீளும்.

அவளுடையவை ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அதே காய்கள், அதே கட்டங்கள். திங்களன்று முதலில் 0.31, பிறகு 0.74. செவ்வாயன்று இன்னும் மோசம்; ஒருமுறை பிளஸ், ஒருமுறை மைனஸ். எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினாள். கீழே, ‘நான் பொத்தானை அழுத்தும் விதத்தில் பிழை இருக்கலாம்’ என்றும் எழுதினாள்.

மாலை வகுப்பு ஆறு மணிக்கு. நீண்ட வராந்தாவைக் கடந்து போவதற்குள் ஏற்கெனவே இரண்டு நாள் வகுப்புக்குத் தாமதமாகிவிட்டது. இன்றும் தாமதித்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

அடுத்த அறை மரகதக்கா கடிகாரமாகி, ஜெபசீலியின் சுவருக்குக் குடிவந்து எட்டு நாளாகிறது. கணினிக்கு நேரம் பார்த்துச் சொல்வது அவள்தான்.

“அக்கா, மணி என்ன?”

“எல்லாரும் என்னையவே கேளுங்க. எனக்கு என்னட்டி தெரியும்?”

“நேத்து ரெண்டு தடவையும் பத்து நிமிஷம்தானே குடுத்தீய?”

“ஒண்ணு பத்து. இன்னொண்ணும் பத்து மாதிரிதான் இருந்துச்சு.”

ஜெபசீலி அதைக் குறித்துக்கொண்டு, கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு மேசையைச் சுற்றி நான்கு பேர் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு சிலேட்டு.

“நாலு பேரும் ஒரே ஆட்டத்தையா பாக்கீங்க?”

“ஆமா. எவன் முந்துதானோ அவன் சிலேட்டுல எழுதுவான். மத்தவன் அதப் பாத்துட்டு அந்தப் பக்கம் போமாட்டான்.”

“எப்பவும் ஒரே ஆளா முந்துவாரு?”

“வரிசைல போறதுக்கு நாங்க என்ன எறும்பா?”

நால்வரும் சிரித்தார்கள்.

“முதல் தடவை எழுதுனத அழிச்சிட்டுத்தான் ரெண்டாவதத் தொடங்குவீங்களா?”

“அழிக்கச் சொல்லி நீங்க சொல்லவேயில்லையே.”

ஆக, பிழை அவளுடையதுதான். பிழைக்கு ஓர் இடம் கிடைத்ததில் அவளுக்குத் தெம்பு வந்தது. மூன்று பேரை டீ குடிக்க அனுப்பினாள். சிலேட்டை ஈரத்துணியால் துடைத்தாள். கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் மிஞ்சினார்.

“சார், ஒரு கோடி நிலை எண்ணிப் பாருங்க. முடிஞ்சதும் நிறுத்திருங்க. மணியப் பாக்காதீங்க.”

“அப்ப நான் எதுக்குட்டி?” என்றாள் மரகதக்கா.

“நீங்க சும்மா இருங்கக்கா.”

மரகதக்கா கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு இரண்டு முட்களையும் தொங்கவிட்டுக் குறட்டை விட்டாள்.

விடை மைனஸ் 6.48. ஜெபசீலி சிலேட்டைத் துடைத்தாள். மறுபடி ஒரு கோடி. மைனஸ் 6.48.

அலுவலகம் வராந்தாவின் நடுவில் இருந்தது. அலுவலர் வேலாயுதம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா, படுதோல்வியால்லா இருக்கு?”

“ஆமா சார். ரெண்டு தடவையும்.”

“வருத்தமா இல்லியா?”

“நேத்து வரைக்கும் இருந்துச்சு சார். ஜெயிக்கேனா தோக்கேனான்னே தெரியாம.”

அவர் முத்திரை குத்தினார். வராந்தா படபடவென்று மடிந்தது. படிக்கட்டும் மடிந்தது. தெருவும் மடிந்தது. அவள் அடுத்த அடியை வைத்தபோது வகுப்பறைக்குள் நின்றாள். ஆசிரியர் அவள் பெயர்மேல் சிவப்புப் பேனாவை வைத்திருந்தார்.

“உள்ளேன் ஐயா” என்றாள்.

பேனா அடுத்த பெயருக்கு நகர்ந்தது.