சிவப்புப் பெட்டிக்குள் போன பூஞ்சை

திருப்பூரில் கெட்ட வார்த்தை பேசினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், ‘ஃபங்கஸ்’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சரியாகக் காயாத பனியனைப் பெட்டி கட்டிக் கப்பலேற்றி, போன இடத்தில் பிரிக்கும்போது கரும்புள்ளி பூத்திருந்தால் தீர்ந்தது கதை. மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அப்பேர்ப்பட்ட ஊரில், ராயபுரத்தில் அண்ணன் வேல்குமார் நடத்தும் பனியன் கம்பெனிக்குள்ளேயே பெட்டி பெட்டியாகப் பூஞ்சையைக் கொண்டுவந்து இறக்கினாள் சத்யப்பிரியா. கூடப்பிறந்தவள் என்பதால் விட்டான். வேறு யாராவதாக இருந்தால் கேட்டிலேயே விரட்டியிருப்பான்.

அவள்தான் என்ன செய்வாள், பாவம். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். எந்தக் காலத்திலோ சேர்க்க ஆரம்பித்த பூஞ்சைத் தொகுப்பு ஒன்று அவள் துறையில் உண்டு. வேப்பம்பட்டையில் முளைத்தது, மூலனூர் முருங்கை இலையில் படிந்தது, மழைக்குக் கிளம்பிய காளான் என்று எல்லாவற்றையும் காயவைத்துக் காகித உறைகளில் மடித்து வைத்திருந்தார்கள். அந்த அறை ஒழுக ஆரம்பித்தது. உறைகளுக்குள் வண்டு புகுந்தது. “பேசாம வெளியூர்ல பெரிய இடமாப் பாத்துக் குடுத்தரலாம்மா, நம்மால ஆகாது” என்றார் கல்லூரி முதல்வர். சத்யப்பிரியாவுக்கு வந்ததே கோபம்!

“ஒவ்வொண்ணையும் சுத்தம் பண்ணி, போட்டோ எடுத்து, இணையத்துல ஏத்தீர்றேனுங்க சார். அப்பறம் உலகத்துல யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம். எல்லாம் என் பொறுப்பு. ஒண்ணே ஒண்ணு தொலைஞ்சாலும் மொத்தத்தையும் நானே லாரி ஏத்தி அனுப்பிடறேன்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே.

படம் எடுக்க அண்ணன் கம்பெனியின் செக்கிங் டேபிளைவிட நல்ல இடம் ஏது? தைத்த துணியில் குறை தேடுகிற மேஜை அது. மேலே வெள்ளை விளக்கு, துளி நிழல் விழாது. வேல்குமார் ஓரத்து மேஜை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தான், கூடவே ஒரு கட்டளையும் போட்டான். “இலை தழைன்னு சொல்லிக்கோ. ஃபங்கஸ்னு மட்டும் மூச்சு விட்றாத, தாயே. ஒரு ஆளு வேலைக்கு வரமாட்டாங்க.”

அப்படியே சொல்லி, வேலையும் நன்றாகத்தான் நடந்தது. அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு அவள் எடுத்தது தொகுப்பிலேயே தலையான உறை. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய பனியன் துணி, அதில் கறுப்பாக ஒரு படை. அந்தப் பூஞ்சையை உலகத்தில் முதல்முதலாகக் கண்டுபிடித்ததே இந்த ஊரில், நனைந்து கிடந்த இந்தத் துணியில்தான். அதற்குப் பெயர் வைத்ததும் இதைப் பார்த்துத்தான். எந்த நாட்டுக்காரனுக்குச் சந்தேகம் வந்தாலும் இந்தத் துண்டைத்தான் கேட்க வேண்டும். போனால் இன்னொன்று கிடையாது.

துண்டை மேஜையில் விரித்துவிட்டுக் கேமராவைப் பார்த்தால் சார்ஜ் இல்லை. ஆபீஸ் ரூமில் செருகிவிட்டு, அப்படியே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மேஜை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெறும் உறை கிடந்தது, துணியைக் காணோம்.

சத்யப்பிரியா உறையைத் திருப்பித் தட்டிப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள், பெட்டிகளைப் புரட்டினாள். செக்கிங் செக்ஷனுக்குப் பொறுப்பான சுப்பாத்தாள் அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

“ஏனுங்க்கா, இங்க ஒரு துணித் துண்டு இருந்துச்சே, பாத்தீங்களா?”

சுப்பாத்தாள் முகம் ஒரு மாதிரி ஆனது. “துண்டா? துண்டு துணியெல்லாம் வேஸ்ட்டு மூட்டைக்குத்தானுங்க அம்மிணி போகும். இப்பத்தான் வண்டி ஏத்திப் போச்சு” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி போன இடம் மண்ணரையில் இருந்த வேஸ்ட் குடோன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். வாசலில் குடோன்காரர் அந்தோணிராஜ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார், தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கூரை வரைக்கும் கட்டிங் வேஸ்ட் குவிந்திருந்தது.

“எந்தத் துண்ட தேடுதிய? இங்க எல்லாமே துண்டுதாம்மா” என்றார் அவர். ஆனாலும் நல்ல மனுஷன், கம்பெனி மூட்டையை அவிழ்த்துக் கொட்டித் தானும் கூட உட்கார்ந்து தேடினார். வெள்ளை, நீலம், கோடு போட்டது, பூப் போட்டது எல்லாம் வந்தது. கறுப்புப் படை போட்டது மட்டும் வரவில்லை.

திரும்பும்போது கண்ணில் நீர் முட்டி ரோடே தெரியவில்லை. தொகுப்பு முழுவதும் லாரியில் ஏறுவது கண்முன் வந்து நின்றது. என் பொறுப்பு, என் பொறுப்பு என்று துள்ளினாயே என்று தன்னையே வைதுகொண்டாள்.

கம்பெனிக்குள் நுழைந்ததும், “கெடச்சுதுங்களா அம்மிணி?” என்றாள் சுப்பாத்தாள்.

அவ்வளவுதான். அண்ணன் கட்டளையாவது ஒன்றாவது! “அது சும்மா துண்டில்லீங்க்கா, ஃபங்கஸ்! கறுப்பா இருந்துச்சே, ஃபங்கஸ்!” என்று கத்தியேவிட்டாள்.

ஹாலில் தையல் மெஷின் அத்தனையும் நின்றது. “கியா ஹுவா?” என்று, என்ன ஆச்சென்று புரியாமல் ஒரு வடக்கத்திப் பையன் எழுந்து நின்றான். சுப்பாத்தாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தி, தரதரவென்று பக்கத்து அறைக்கு இழுத்துப் போனாள்.

“சித்த மெதுவாப் பேசுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! திங்கக்கெழமை கண்டெய்னர் ஏறோணும்!”

மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று பூட்டிக் கிடந்தது. ரிஜக்ட் ஆன உருப்படி எதையும் கண்ட இடத்தில் வீசக் கூடாது, முதலாளி பார்த்து முடிவு சொல்லும்வரை அதற்குள் பூட்டித்தான் வைக்க வேண்டும். அது எக்ஸ்போர்ட் கம்பெனிச் சட்டம். சுப்பாத்தாள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தாள். எண்ணெய்க் கறை பட்ட பனியன்களுக்கு ஓரமாக, டேப் ஒட்டிய பாலிதீன் கவருக்குள், ஈரம் இழுக்கும் சிலிக்கா பொட்டலத்தோடு அந்தத் துண்டு, சிவன்மலை முருகன் கனவில் வந்து கேட்டதென்று கோயில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் உத்தரவுப் பொருள் மாதிரி இருந்தது. கவரின் மேல், துணியில் குறை காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று கறுப்புப் படையைச் சரியாகக் காட்டியது.

“கையில தொடக்கூட இல்லீங்க, இடுக்கியில புடிச்சுப் போட்டேன். நம்ம சரக்குல வந்துருச்சாட்ட இருக்குதுன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. நீங்க கேட்டப்போ சொல்லியிருப்பேன், நாலு பேரு காதுல உழுந்தா என்னாகறது? முதலாளி வந்ததும் தனியாச் சொல்லிக்கலாம்னு வெசனத்தோட நிக்கறேன்.”

“இல்லீங்க்கா, இது நம்ம சரக்கே இல்ல. எங்க காலேஜுது. நாந்தான் கொண்டுவந்தேன்.”

“அட முருகா! வயித்துல பால வாத்தீங்க!” சுப்பாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்யப்பிரியாவும் பக்கத்தில் சரிந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி சிரிக்க, ஒருத்தி அழ, யார் சிரித்தது யார் அழுதது என்று அவர்களுக்கே தெரியவில்லை. சுப்பாத்தாளுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. “எலை தழைன்னாரே முதலாளி! வரட்டும், நான் பேசிக்கறேன்!”

அப்புறம் அவளே மேஜையைத் துடைத்து விளக்கைப் போட்டாள். சத்யப்பிரியா ஒரு படத்துக்குப் பதில் பத்துப் படம் எடுத்தாள். அந்தப் பத்தும் இணையத்தில் ஏறி முடிந்தபோது முதல்வர் போனில் கூப்பிட்டார். “என்னம்மா, எல்லாம் பத்திரமா இருக்குதா?”

“பூட்டுப் போட்டுத்தானுங்க சார் வெச்சிருந்தது” என்றாள் சத்யப்பிரியா. பொய் சொல்லவில்லையே.

போனை வைத்ததும் சுப்பாத்தாள் கவரை நீட்டினாள். “போட்டோ எடுத்தாச்சுல்ல? போடுங்க உள்ள. கண்டெய்னர் ஏறுற வரைக்கும் இது என்ற பொட்டியிலதான் இருக்கும். சாவி என்றகிட்டத்தான்.”

அந்தத் துண்டு கிடைத்தால் இனி யார் கையிலும் கொடுப்பதில்லை என்று மண்ணரையிலிருந்து வழியெல்லாம் சபதம் செய்துகொண்டு வந்தவள்தான். மறுபேச்சில்லாமல் கவருக்குள் போட்டுக் கொடுத்தாள்.