ஓய்வறை இருந்த இடம்

எங்கள் டிப்போவில் டீசல் பஸ்களை எடுத்துவிட்டு மின்சார பஸ்களைக் கொண்டுவரும் வேலைக்கு நான்தான் பொறுப்பு. எல்லாம் ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்கள். சார்ஜர் வைக்க இடம் போதவில்லை என்றதும் முதலாளி வெங்கடேசன் கை வைத்தது டிரைவர்களின் ஓய்வறையில். வேண்டாம் சார் என்று தொண்டை வறளச் சொன்னேன். "அப்பறம் கட்டிக்கலாம் சசிரேகா" என்றார். இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது சார்ஜர்கள் பளபளவென்று நிற்கின்றன. அந்த அப்புறம்தான் இன்னும் வந்தபாடில்லை.

காலை ஷிப்டுக்கு ஆளை இறக்கிவிட்டு வரும் டிரைவர், மதிய ஷிப்டு வரை எங்கே படுப்பார்? பஸ்ஸில்தான். இந்த வெயிலில் ஏசி இல்லாமல் படுத்தால் வெந்துபோவார். அதனால் சார்ஜ் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஏசி போட்டுக்கொண்டு தூங்கினார்கள். இது எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கும்தான்.

நேற்று ரத்தினம் அண்ணனின் பஸ், சார்ஜ் தீர்ந்து வல்லக்கோட்டை தாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. ஷிப்டுக்குப் போன பெண்கள் வெயிலில் இறங்கி நடந்தார்கள். கம்பெனிக்காரர்கள் முதலாளியைப் போனில் காய்ச்சி எடுத்தார்கள். இன்று மதியம் அவர் டிப்போவுக்கே வந்து ரத்தினம் அண்ணனைக் கூப்பிட்டார்.

"சார்ஜ் பாக்காமயா எடுத்த?"

"கம்மியாத்தான் சார் காட்டுச்சு. டீசல் வண்டி ரிசர்வ்ல உழுந்தாலும் சிங்கப்பெருமாள் கோவில் வரிக்கும் போய்ட்டு வந்துடுவேன். அந்த நெனப்புலயே எடுத்துகினு பூட்டேன்."

"ஏசி போட்டுகினு தூங்கினியா இல்லியா?"

"தூங்கினேன் சார்."

"நாளைலேர்ந்து வராத."

ரத்தினம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வயதில் அவரை எந்தக் கம்பெனி எடுக்கும்?

"தூங்கினது தப்புன்னா, ரூமை இடிச்சது இன்னா சார்?" குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

"நீ யாருகிட்ட சம்பளம் வாங்கற?"

இதற்கு மேல் பேச எனக்குப் பொறுமை இல்லை. என் ஏசி கேபினுக்குள் போய் மேசையைப் பிடித்து இழுத்தேன். டிரைவர்கள் ஓடிவந்து மறுபக்கம் தூக்கினார்கள். மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் வெளியே வந்தன. காலியான கேபின் தரையில் டிரைவர்கள் படுக்கப் பாயை விரிக்கச் சொன்னேன்.

"இன்னாம்மா இது? நீ எங்க உக்காருவ?"

"பஸ்ஸுல உக்காந்துக்கறேன் சார். வேர்த்தா ஏசி போட்டுக்கறேன். வண்டி நின்னா என்னையும் அனுப்பிடுங்க."

மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒரு டிரைவரும் வண்டி பக்கம் போகவில்லை. முதலாளியின் போன் அடித்தது. எடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வண்டிய எடுக்கச் சொல்லு."

"யாரை சார்?"

"அவனத்தான்."

"பேர் சொல்லுங்க சார்."

பல்லைக் கடித்தார். "ரத்தினத்த. நாளைக்கும் அவரே வரட்டும்."

ரத்தினம் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். மற்ற பஸ்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதலாளி என் மேசையைக் காட்டி, "இத உள்ள போடு" என்றார்.

"ரூம் கட்டுங்க, போடறேன்" என்றேன்.